கலனும் அதன் துளைகளும்: எரிவாயு டேங்கர்களின் ஆய்வும் சோதனையும்

திரவமாக்கப்பட்ட அபாய வாயுக்களைச் சாலை வழியே சுமந்து செல்லும் டேங்கர்களுக்குச் சட்டம் விதித்துள்ள ஆய்வுகளும் சோதனைகளுமே இன்றைய உரையின் பொருள். மங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இரவும் பகலும் புறப்பட்டு, தென்மாநிலங்களின் சிலிண்டர் நிரப்பும் ஆலைகளை நோக்கி ஓடுகின்ற வெள்ளை நிற கேஸ் டேங்கர்களைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க முடியாது. அவற்றில் ஆயிரக்கணக்கானவை நாமக்கல் வட்டாரத்து உரிமையாளர்களுடையவை என்பதும் பலர் அறிந்ததே. அந்த வெள்ளைக் கலன் எத்தனை ஆண்டுக்கொருமுறை சோதிக்கப்படுகிறது, எப்படிச் சோதிக்கப்படுகிறது, சோதனையில் தெரிய வருவது எது, தெரியாமலே போவது எது என்ற வினாக்களுக்கு விடை அறிந்தவரோ மிகச் சிலரே.

முதலில், கலனுக்குள் இருப்பது என்ன? திரவமாக்கப்பட்ட வாயு என்பது, இயல்பான வெப்பநிலையில் வாயுவாக இருக்க வேண்டிய ஒரு பொருளை, அழுத்தத்தாலோ குளிர்ச்சியாலோ திரவமாக மாற்றி அடைத்து வைத்த நிலையாகும். சமையல் எரிவாயுவின் முதன்மைப் பகுதிகளான புரோப்பேனும் பியூட்டேனும் முறையே சுழிக்குக் கீழ் 42 டிகிரி செல்சியஸிலும், சுழியை ஒட்டிச் சற்றுக் கீழேயும் கொதிப்பவை. அம்மோனியா சுழிக்குக் கீழ் 33 டிகிரியிலும், குளோரின் சுழிக்குக் கீழ் 34 டிகிரியிலும் கொதிப்பவை. ஆகவே நம் நாட்டு வெயிலில் நிற்கும் ஒரு டேங்கருக்குள் இருக்கும் திரவம், மூடி திறந்தால் அந்த நொடியே கொதித்துப் பொங்கக் காத்திருக்கும் திரவமாகும். தூய புரோப்பேன் 20 டிகிரி வெப்பத்தில் வளியழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு அழுத்தத்தைக் கலனின் சுவர்மீது செலுத்துகிறது. 50 டிகிரியில் அது ஏறத்தாழ 17 மடங்காகிறது. கசிந்தாலோ, ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானதாகையால் மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து, பள்ளத்தையும் சாக்கடையையும் தேடி ஓடுகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றுகிறது. இத்தகைய பொருளைப் பதினெட்டு டன் அளவில் சக்கரத்தின்மேல் ஏற்றி, பேருந்தும் இருசக்கர வண்டியும் ஓடும் அதே சாலையில் அனுப்புவதற்கு ஒரு சமூகம் இசைந்திருக்கிறது என்றால், அந்த இசைவுக்கு அடிப்படையாக நிற்பது சோதனைச் சான்று என்னும் ஒரு தாள்தான்.

அந்தத் தாளை வழங்கச் சொல்லும் சட்டம் எது? உலோகக் கலனுக்குள் அழுத்தி அடைக்கப்பட்ட வாயுவையும் வெடிபொருளாகவே கருத வேண்டும் என்பது இந்திய அரசின் நெடுநாளைய நிலைப்பாடு. அதனால் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமே இன்றும் இதற்குத் தாய்ச்சட்டமாக நிற்கிறது. அதன்கீழ் 1981-இல் இயற்றப்பட்டு, பின்னர் 2016-இல் புதிதாக மாற்றியமைக்கப்பட்ட நிலையான மற்றும் நகரும் அழுத்தக் கலன்கள் விதிகள், கலனின் வடிவமைப்பு, உற்பத்தி, நிரப்பும் அளவு, உரிமம், சோதனை ஆகிய அனைத்தையும் வரையறுக்கின்றன. கொதிகலனைப்போல் அடியில் நெருப்பு மூட்டப்படாத கலன்களுக்கே இவ்விதிகள் உரியவை. விதிகளை நடைமுறைப்படுத்துவது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. லாரிக்காரர்களின் பேச்சில் அது ‘பெசோ’. வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கொடுக்கும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வேறு, கலனுக்குப் பெசோ வழியே வரும் உரிமமும் சோதனைச் சான்றும் வேறு. ஒரே வாகனம் இரண்டு துறைகளின் பார்வைக்குள் பாதி பாதியாக நிற்கிறது. இந்தப் பிளவு பின்னால் பேசப்போகும் ஒரு விபத்தோடு தொடர்புடையதாகையால், அதை நினைவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

விதிகள் சொல்லும் கால அளவு எளியது. கலன் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் நீரழுத்தச் சோதனை நடைபெற வேண்டும். அரிக்கும் தன்மையோ நச்சுத்தன்மையோ உடைய வாயுவைச் சுமக்கும் கலனுக்கு அந்த இடைவெளி இரண்டாண்டாகச் சுருங்கும். அழுத்தம் எல்லை மீறும்போது தானே திறந்து வாயுவை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு ஆண்டுக்கொருமுறையேனும் கழற்றிச் சோதிக்கப்பட வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 1957-இல் ஜெனீவாவில் செய்துகொண்ட சாலைவழி அபாயப் பொருள் உடன்படிக்கை, வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்ட கலனுக்கு ஆறாண்டுக்கொரு முழுச்சோதனையும், நடுவே மூன்றாம் ஆண்டில் ஓர் இடைச்சோதனையும் கேட்கிறது. அமெரிக்க விதியோ, ஐந்தாண்டுக்கொரு முறை அழுத்தச் சோதனையும் உட்புறப் பார்வையும், ஆண்டுதோறும் கசிவுச் சோதனையும் வெளிப்புறப் பார்வையும் வேண்டுமென்கிறது. எண்கள் நாட்டுக்கு நாடு சற்றே மாறினாலும், எல்லா நாட்டு விதிகளின் அடியிலும் ஒரே எண்ணம் ஓடுகிறது: எஃகு மெல்ல மெல்லச் சோர்கிறது, அந்தச் சோர்வு முற்றுவதற்கு முன்னே ஒருவர் உள்ளே சென்று பார்த்தாக வேண்டும்.

உள்ளே சென்று பார்ப்பதென்றால் என்ன? இந்த இடத்தில் சற்று நின்று பேசுவது தகும். ஏனெனில் ‘ஹைட்ரோ டெஸ்ட்’ என்று ஒரே சொல்லில் வழங்கும் வேலை, உண்மையில் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பல வேலைகளின் தொடராகும். முதலில் கலனில் எஞ்சிய திரவமும் ஆவியும் முற்றிலும் வெளியேற்றப்பட வேண்டும். பிறகு நைட்ரஜனாலோ நீராலோ கலன் கழுவப்பட்டு, எரியும் ஆவி ஒரு துளியும் மிச்சமில்லை என்று கருவியால் அளந்து அறியப்பட வேண்டும். அதன் பின்னரே ஆள் நுழையும் வாயில் திறக்கப்பட வேண்டும். ஆவி போய்விட்டது, எனவே அபாயமும் போய்விட்டது என்று எண்ணுபவர் உயிரை இழக்கக்கூடும். நைட்ரஜன் நிரம்பிய கலனில் தீப்பற்றுவதற்கு எதுவும் இல்லாமற் போகலாம். ஆனால் மூச்சு விடுவதற்கும் அங்கே எதுவும் இல்லை. நைட்ரஜனுக்கு மணமில்லை, நிறமில்லை, தொண்டையைக் கமறச் செய்யும் தன்மையும் இல்லை. உள்ளே இறங்கியவர் எச்சரிக்கை ஏதும் பெறாமலே மயங்கி விழுவார், அவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் விழுவார். ஆகவே உயிர்வளியின் அளவை அளந்த பிறகே நுழைவதும், வாயிலுக்கு வெளியே ஒருவர் கயிற்றோடும் கவனத்தோடும் காத்திருப்பதும், தீப்பொறி எழாத குறைந்த மின்னழுத்த விளக்கையே கொண்டு செல்வதும் இச்சோதனையின் பிரிக்க முடியாத பகுதிகள்.

உள்ளே நுழைந்த ஆய்வாளரின் கண் எதைத் தேடுகிறது? உருளையின் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் வெல்டிங் தையல்களை. இருமுனைகளிலும் குவிந்து நிற்கும் முகப்புத் தகடுகள் உருளையோடு கூடும் வளைவுகளை. ஓட்டத்தின்போது திரவம் முன்னும் பின்னும் மோதுவதைத் தணிக்கக் குறுக்கே நிறுத்தப்பட்டுள்ள அலைத்தடுப்புத் தகடுகளின் பிணைப்புகளை. அடித்தளத்தில் நீர் தேங்கிய இடங்களில் புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கும் அரிப்பை. கண்ணுக்குத் தெரியாததைக் கருவி தேடுகிறது. மீயொலி அலையைத் தகட்டுக்குள் செலுத்தி, அது திரும்பும் நேரத்தைக்கொண்டு தடிமன் அளக்கப்படுகிறது. வெல்டிங்கின்மேல் காந்தப் புலத்தை எழுப்பி, இரும்புத் துகள்களைத் தூவி, அவை வரிசையாகக் கூடும் இடத்தில் மயிரிழை விரிசல் கண்டுபிடிக்கப்படுகிறது. இவ்வளவும் முடிந்த பின்னரே நீரின் முறை வருகிறது. கலனின் உச்சியில் சிறிதும் காற்று தங்காதபடி நீர் நிரப்பப்பட்டு, பம்பின் துணையால் அழுத்தம் படிப்படியாக உயர்த்தப்பட்டு, கலன் எந்த நெறித்தொகுப்பின்படி கட்டப்பட்டதோ அது சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் வடிவமைப்பு அழுத்தத்தின் 1.3 மடங்குக்கு அல்லது அதற்கும் மேலே கொண்டுபோய், அங்கே நிறுத்தி வைக்கப்படுகிறது. அழுத்தமானியின் முள் இறங்குகிறதா? தையலில் ஈரம் கசிகிறதா? கலன் எங்கேனும் புடைத்து உருமாறுகிறதா?

காற்றைக்கொண்டு அழுத்தாமல் நீரைக்கொண்டு அழுத்துவது ஏன் என்று மாணவர் ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நீர் அழுத்தத்தால் மிகச் சிறிதே சுருங்குவது. எனவே சோதனையின் நடுவே கலன் பிளந்தாலும் நீர் வெளியே சிந்துவதோடு அழுத்தம் வீழ்ந்துவிடும். காற்றோ சுருங்கச் சுருங்க ஆற்றலைத் தன்னுள் சேர்த்து வைப்பது. காற்றால் அழுத்தப்பட்ட கலன் பிளந்தால் அது குண்டு வெடிப்புக்குச் சமமாகும். ஆயினும், உள்ளே ஈரத்தின் சுவடும் இருக்கக்கூடாத கலன்களும், நீரின் எடையைத் தாங்கும் வகையில் அமைக்கப்படாத கலன்களும் உள்ளன. அத்தகையவற்றுக்குப் பெசோவின் முதன்மை வெடிபொருள் கட்டுப்பாட்டாளரின் இசைவோடு, கலனைச் சிதைக்காத பிற சோதனைகளையும் சேர்த்து, வாயு அழுத்தச் சோதனை நடத்த விதிகள் இடம் தருகின்றன. நீரழுத்தச் சோதனை முடிந்த கலனை நன்கு உலர்த்தாமல் அனுப்பிவிட்டால், எஞ்சிய நீர் தகட்டை அரிப்பதோடு, வாயு விரியும்போது உண்டாகும் குளிரில் உறைந்து வால்வை அடைத்துக்கொள்ளவும் கூடும். சோதனையே கேடு விளைவிக்கும் வாய்ப்பு இங்கே உண்டு.

இத்தனை கடுமையான சோதனையில் தேறிய கலன் பாதுகாப்பானதா? அந்த நாளில், அந்த அழுத்தத்தில், அந்த நீரைத் தாங்கியது என்பது மட்டுமே சான்று சொல்லும் செய்தி. மறுநாள் அந்தக் கலனில் எதை ஏற்றுகிறார்கள், எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பது சான்றின் கைக்கு அப்பாற்பட்டது. அம்மோனியாவை எடுத்துக்கொள்ளலாம். காற்றின் மாசு கலந்த, நீரற்ற அம்மோனியா, இழுவிசையில் நிற்கும் எஃகுக்குள் நுண்ணிய விரிசல்களை விளைவிக்கும் தன்மையுடையது. பொறியாளர்கள் இதைத் தகைவரிப்பு விரிசல் என்பர். தகடு மெலிவதில்லை, துருப் பிடிப்பதில்லை, வெளியே எந்த அடையாளமும் தெரிவதில்லை. விரிசல் மட்டும் வெல்டிங்கின் ஓரத்தில் ஓசையின்றி வளர்கிறது. இதைத் தடுக்க அமெரிக்காவில் கண்ட வழி வியப்புக்குரியது. வெப்பப் பதமூட்டிய வலுமிகு எஃகுக் கலனில் ஏற்றும் அம்மோனியாவில், எடையில் குறைந்தது 0.2 சதவீதம் நீர் கலந்திருக்க வேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். தூய்மை குறைந்தால் கலன் நீடிக்கும் என்பது வேதியியல் காட்டிய உண்மை. ஆனால் அந்த 0.2 சதவீதத்தைக் கலனின் சுவரில் எவரும் சோதிக்க முடியாது. சரக்கை ஏற்றும் இடத்தில்தான் சோதிக்க முடியும்.

எவ்வளவு ஏற்றுவது என்பது அதனினும் பெரிய கேள்வி. திரவ புரோப்பேன் வெப்பத்தால் விரியும் வேகம் நீரைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. ஆகையால் கலனை ஒருபோதும் விளிம்பு வரை நிரப்பக்கூடாது. மேலே ஆவிக்கென்று ஓர் இடம் விட்டே ஆக வேண்டும். சமையல் எரிவாயுவுக்குப் பொதுவாகக் கலனின் கொள்ளளவில் ஏறத்தாழ 85 சதவீதமே நிரப்பும் வழக்கம் இதனால் வந்தது. அந்த ஆவியிடம் இல்லாமற் போனால் என்ன நடக்கும்? திரவம் சுருங்க மறுக்கும். வெயில் ஏற ஏற, விரிய இடமில்லாத திரவம் எஃகின்மீது ஆவியழுத்தத்தைப் பன்மடங்கு மிஞ்சிய விசையைச் செலுத்தும். எல்லாச் சோதனைகளிலும் தேறிய கலனும் அங்கே தோற்கும்.

1978 ஜூலை 11 அன்று ஸ்பெயின் நாட்டில் நடந்தது இதுவே. தாரகோனா அருகிலுள்ள சுத்திகரிப்பு ஆலையில் புரோப்பிலீன் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு டேங்கர், கடலோரச் சாலை வழியே தெற்கே சென்றது. அந்தக் கலன் சுமக்கத்தக்க உயர்ந்த அளவு ஏறத்தாழ 19.35 டன், அன்று அதில் ஏற்றப்பட்டிருந்தது 23 டன்னுக்கும் மேல். அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு அந்தக் கலனில் இல்லவே இல்லை. முன்பு அம்மோனியாவும் அதில் ஏற்றப்பட்டிருந்ததாகப் பின்னர் தெரிய வந்தது. கோடை விடுமுறைக்காகக் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நிறைந்த லோஸ் அல்ஃபாகேஸ் என்னும் முகாமை ஒட்டி, பிற்பகல் இரண்டரை மணியளவில் அந்தக் கலன் பிளந்தது. வெளிப்பட்ட ஆவி தீப்பற்றி, 217 பேர் உயிரிழந்தனர். இதில் தவறியது எது? கலனா, வால்வா, எடைமேடையா, சாலையின் தேர்வா? நான்குமே தவறின என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான்கினுள் மிக எளிதாகத் தடுத்திருக்கக்கூடியது எது என்று கேட்டால், விடை எடைமேடையே. ஏற்றும் முன் ஒரு முறையும் ஏற்றிய பின் ஒரு முறையும் வண்டியை நிறுத்தி எடை பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை நடக்கும் நீரழுத்தச் சோதனையைப் பற்றிப் பேசும் நூல்கள், ஒவ்வொரு லோடுக்கும் நடக்கும் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது பொருத்தமற்றது.

பாதுகாப்பு வால்வு இருந்திருந்தால் போதுமா என்று அடுத்த வினா எழுகிறது. அழுத்தம் மீறுவதை அந்த வால்வு தணிக்கும். நெருப்பை அது தணிக்காது. 1973 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிங்மன் நகரில், புரோப்பேன் ஏற்றி வந்த ரயில் வேகனிலிருந்து சரக்கை இறக்கும்போது, குழாய் இணைப்பில் கசிவு தோன்றித் தீப்பற்றியது. தீயை எதிர்கொள்ள வந்த தீயணைப்பு வீரர்கள் பதினொருவரும் ஆலை ஊழியர் ஒருவரும், சிறிது நேரத்தில் வேகன் வெடித்த இவ்விபத்தில் மாண்டனர். கலனின் கீழ்ப்பகுதியில் திரவம் இருக்கும்வரை அது தகட்டின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேற்பகுதியில் ஆவி மட்டுமே இருப்பதால் அங்கே தகடு சிவக்கச் சூடேறி வலுவிழக்கும். வால்வு ஒழுங்காக ஆவியை வெளியேற்றிக்கொண்டிருந்தாலும், வலுவிழந்த தகடு தன் வழக்கமான அழுத்தத்தையே தாங்க முடியாமல் கிழியும். ஆகவே ஆண்டுதோறும் வால்வைச் சோதிப்பது இன்றியமையாதது. அதை மட்டும் நம்பி இருப்பது அறியாமை. டேங்கர்கள் வெள்ளையாக இருப்பதன் காரணமும் வெப்பத்தோடு தொடர்புடையதே: வெப்பக் காப்புறை இல்லாத கலனின் மேற்புறத்து மூன்றில் இரண்டு பங்கையேனும் வெள்ளையோ, அலுமினிய நிறமோ, ஒளியைத் திருப்பும் வேறு வண்ணமோ பூச வேண்டும் என்று அமெரிக்க விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

கிங்மனில் தொடக்கம் எங்கே இருந்தது? கலனில் இல்லை, குழாய் இணைப்பில். இவ்வுரையின் மையக் கருத்து இங்கேதான் நிற்கிறது. தகட்டைத் தடிமனாக்கவும், வெல்டிங்கை ஊடுகதிரால் பார்க்கவும், நீரால் அழுத்தவும் நெடுங்காலமாகப் பொறியியல் கற்றுத் தேர்ந்துவிட்டது. ஆனால் திரவத்தை ஏற்றவும் இறக்கவும் கலனில் துளையிட்டே ஆக வேண்டும். துளையிட்டால் வால்வு வைத்தே ஆக வேண்டும். வால்வு வைத்தால் அது வெளியே நீட்டி நிற்கும். வெளியே நீட்டி நிற்பது மோதலில் உடையும். 2024 டிசம்பர் 20 அன்று விடியற்காலையில், ஜெய்ப்பூர் நகருக்கு வெளியே பாங்க்ரோட்டா என்னுமிடத்தில், திரும்பிக்கொண்டிருந்த கேஸ் டேங்கர் ஒன்றின்மேல் சரக்கு லாரி மோதியது. வால்வுப் பகுதி சிதைந்து, வெளியேறிய வாயு நெடுஞ்சாலை நெடுகப் பரவித் தீப்பற்ற, வரிசையாக நின்ற வண்டிகளில் இருந்தவர் பலர் மாண்டனர். 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து, கசிந்த வாயு தீப்பற்றியதில் இருபது பேர் இறந்தனர். இவ்விரு விபத்துக்களையும் ஐந்தாண்டுச் சோதனை தடுத்திருக்குமா? நீரழுத்தத்தில் பிசகின்றித் தேறிய கலனுக்கும் இவை நேரக்கூடியவை என்பதே கசப்பான விடை.

இதை அறிந்துதான் மிகையோட்டத் தடுப்பு வால்வு என்னும் ஒரு கருவி கலனின் துளைகளுக்கு உள்ளே பொருத்தப்படுகிறது. வெளிக்குழாய் உடைந்து திரவம் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் பாயத் தொடங்கினால், அந்தப் பாய்ச்சலின் விசையே வால்வின் தட்டை இருக்கையில் தள்ளி மூடிவிடும். மனிதர் கை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. 1996 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சான்ஃபோர்டில் இந்த அழகு குலைந்தது. டேங்கரிலிருந்து சேமிப்பு நிலையத்துக்குப் புரோப்பேன் இறக்கும்போது ஹோஸ் இணைப்பு கழன்றது. ஆனால் வெளியேறிய ஓட்டம், வால்வு மூடிக்கொள்ளத் தேவையான அளவுக்கு வேகம் பெறவில்லை. வால்வு திறந்தே இருந்தது. டேங்கரிலும் சேமிப்புத் தொட்டிகளிலுமாக 35,000 கேலனுக்கு மேல், அதாவது ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டருக்கும் அதிகமான திரவம் வெளியேறியது. தீப்பற்றவில்லை என்பதால் ஊர் பிழைத்தது. அந்த நிகழ்வுக்குப் பின் அமெரிக்க அரசு 1999-இல் விதியை மாற்றியது: பெரிய டேங்கர்களில் ஹோஸ் பிரிந்தால், எவர் கையும் படாமலே 20 நொடிக்குள் ஓட்டம் நிற்க வேண்டும், ஹோஸ்களையும் இறக்கும் அமைப்பையும் மாதந்தோறும் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மிகையோட்ட வால்வு இருக்கிறதா என்று பார்த்துக் குறியிட்டுவந்த ஆய்வு முறை, அது எந்த ஓட்டத்தில் மூடும், அந்த ஓட்டம் உண்மையில் எழுமா என்று கேட்கக் கற்றுக்கொண்டது ஒரு சிறுநகரின் நல்லூழால்தான். இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இயங்குமா என்பது வேறு கேள்வி. ஆய்வுப் படிவங்கள் பெரும்பாலும் முதற்கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

இனி, இரு துறைகளுக்கிடையே பிளவுண்ட வாகனத்தைப் பற்றிய செய்தி. 2025 ஜனவரி 3 அன்று அதிகாலையில், கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவோடு வந்த டேங்கர் கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது, இழுவை வண்டியையும் கலனையும் பிணைக்கும் டர்ன்டேபிள் பகுதி பிரிந்து, கலன் மட்டும் தனியே சரிந்து வீழ்ந்தது. வாயு கசிந்தது, தீயணைப்புத் துறையினர் விடாமல் நீரைப் பாய்ச்சினர், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது, கிரேன்கள் கலனைத் தூக்கி நிறுத்தின, உயிர்ச்சேதம் ஏதுமில்லை. விழுந்தும் பிளக்காத அந்தக் கலனைப் பாராட்டலாம். தகட்டையும் வெல்டிங்கையும் பற்றிய விதிகள் வீண்போகவில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் பிணைப்பு யாருடைய பொறுப்பு? கலனைச் சோதிப்பவர் அதை வண்டியின் பகுதி என்பார். வண்டியைச் சோதிப்பவர் அதைக் கலன் சார்ந்தது என்பார். கலனின் முன்பகுதி எடையைத் தாங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்குண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்கும் அந்தத் தட்டும் அதன் நடுமுளையும் இரு சான்றுகளுக்கும் இடையிலுள்ள சந்தில் நழுவிப்போவதற்கு இடமிருக்கிறது.

இது இந்தியச் சாலைக்கு மட்டும் உரிய குறை அன்று. இத்தாலியின் வியாரெஜ்ஜோ நகரில் 2009 ஜூன் 29 நள்ளிரவுக்குச் சற்று முன், எரிவாயு வேகன்கள் பதினான்கைக் கொண்ட சரக்கு ரயில் நிலையத்தைக் கடக்கும்போது, முதல் வேகனின் அச்சு முறிந்தது. தடம் புரண்டு சாய்ந்த வேகனின் கலன் துளைபட்டு, வாயு இருப்புப்பாதையை ஒட்டிய தெருக்களில் நுழைந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்களைத் தீ சூழ்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். கலனில் பிழையில்லை. பிழை, அரிப்புக் குழியிலிருந்து வளர்ந்த விரிசலோடு ஓடிக்கொண்டிருந்த அச்சில் இருந்தது. அந்த அச்சோ சில மாதங்களுக்கு முன்புதான் பணிமனையில் பழுதுபார்க்கப்பட்டுத் தேறி வந்தது.

அப்படியானால் சோதிப்பவரைச் சோதிப்பவர் யார்? இந்திய விதிகளின்படி சோதனையை நடத்துபவர், முதன்மைக் கட்டுப்பாட்டாளரின் ஏற்பைப் பெற்ற தகுதியாளர். அவர் அரசு ஊழியராக இருக்க வேண்டியதில்லை. அவருக்குக் கட்டணம் தருபவர் டேங்கரின் உரிமையாளர். இந்த ஏற்பாட்டில் இயல்பாகவே ஓர் இழுபறி உண்டு. உரிமையாளரின் நிலையையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்: வண்டி சோதனைக்காக நிற்கும் நாள்களில் வாடகை வராது, வங்கித் தவணை நிற்காது, ஓட்டுநரின் பேட்டா நிற்கும், கலனைக் காலி செய்து கழுவி, உலர்த்தி, நைட்ரஜன் நிரப்பி அனுப்பும்வரை ஒவ்வொரு நாளும் இழப்பே. எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தமோ சான்று காலாவதியான வண்டிக்கு லோடு தருவதில்லை. எனவே உரிமையாளருக்கு வேண்டியது சான்று. சமூகத்துக்கு வேண்டியது சோதனை. இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை குறையில்லை. வேகமாகவும் மலிவாகவும் சான்று தருபவரை நாடிச் செல்லும் போட்டி எழுந்தால், கலனுக்குள் இறங்கி மணிக்கணக்கில் தையலைத் தடவிப் பார்க்கும் ஆய்வாளர்தான் முதலில் தொழிலை இழப்பார். தகுதியாளரை உரிமையாளர் தேர்ந்தெடுக்காமல், ஒரு பொதுப் பட்டியலிலிருந்து முறை வைத்து அனுப்புவது இதற்கு ஒரு தீர்வாகலாம். கட்டணத்தைத் துறையே வசூலித்து வழங்குவது இன்னொன்று. இவ்விரண்டில் எதைச் செய்தாலும், சோதனை நாள்களுக்கான இழப்பில் ஒரு பகுதியைப் போக்குவரத்துக் கட்டணத்தில் சேர்த்துக் கணக்கிடாதவரை, சுமை முழுவதும் ஒற்றை வண்டி உரிமையாளரின் தலையில்தான் விழும்.

சான்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதில் அமெரிக்க முறை பின்பற்றத் தகுந்தது. அங்கே ஒவ்வொரு சோதனையும் முடிந்த மாதமும் ஆண்டும், சோதனையின் வகையைக் குறிக்கும் எழுத்தோடு, ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் உயரத்தில் கலனின் மேலேயே எழுதப்பட வேண்டும். அழுத்தச் சோதனைக்கு ‘பி’, உட்புறப் பார்வைக்கு ‘ஐ’, கசிவுச் சோதனைக்கு ‘கே’, வெளிப்புறப் பார்வைக்கு ‘வி’, தடிமன் சோதனைக்கு ‘டி’. நிரப்பும் ஆலையின் வாயிற்காவலரும், சாலையில் நிறுத்தும் காவலரும், பின்னால் வரும் இன்னொரு ஓட்டுநரும் கோப்பைக் கேட்காமலே அதைப் படித்துவிடலாம். இழுவை வண்டியோடு கலனைப் பிணைக்கும் மேல்தட்டின் ஆய்வையும் அந்த விதி மறக்கவில்லை. ‘வி’ என்ற எழுத்துக்குள் அதையும் அடக்கியிருக்கிறது. ஆனால் அரிக்கும் சரக்கை ஏற்றும் கலன்களுக்கு மட்டுமே, இரண்டாண்டுக்கொருமுறை அந்தத் தட்டின் கீழ் மறைந்துள்ள பகுதியை அது பார்க்கச் சொல்கிறது. அரிக்காத புரோப்பேனைச் சுமக்கும் கலனுக்கு, தட்டைக் கழற்றாமல் பார்க்க முடிந்த பகுதிகளைப் பார்த்தால் போதும் என்பது விதி. வியாரெஜ்ஜோவில் முறிந்த அச்சின் விரிசலோ, அப்படிக் கழற்றாமல் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய வகையைச் சேர்ந்ததன்று.